பட்ஜெட்டில் கூட்டிய பணம் எங்கே போகிறது? எனக்கு ஆறு மாதமாக ஃபெல்லோஷிப் வரவில்லை

1 | உப்பங்கழி | திங்கள், இரவு 10.52

வணக்கம். தொடக்கம் புலம்பல் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேள்வி கடைசியில் வருகிறது.

நான் பிஎச்.டி. மூன்றாம் ஆண்டு. உப்பளத்து மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள்தான் என் வேலை. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கிச் சேர்ந்தவள். இரண்டு வருடம் முடிந்ததும் எஸ்ஆர்எஃப் (முதுநிலை உதவித்தொகை) ஆகி, மாதம் 37,000 என்பது 42,000 ஆக வேண்டும். 42-ஐ விடுங்கள், இருந்த 37-ம் நின்று இது ஆறாவது மாதம். வீட்டில் "கவர்மென்ட் பணம், கவலை இல்லை" என்று சொல்லி வைத்திருந்தேன். இப்போது தம்பியிடம் கடன் வாங்குகிறேன்.

இதற்கு நடுவில் போன மாதம் லேபில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் படுத்துவிட்டது. இரவு பதினொன்றரைக்கு வாட்ச்மேன் அண்ணன் போன் பண்ணி, "பாப்பா, உங்க ரூம்ல ஏதோ கத்திக்கிட்டே இருக்கு" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தால் மைனஸ் 41 காட்டுகிறது. கண்முன்னாலேயே டிகிரி ஏறுகிறது. தெர்மாகோல் பெட்டிகளில் ஐஸை நிரப்பி, பக்கத்துத் துறையில் கெஞ்சி இடம் வாங்கி, விடியற்காலை மூன்றரை வரை குப்பி குப்பியாக மாற்றினோம். ஒரு பெட்டி தப்பவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மழைக்கு முந்தின வாரத்தில் எடுத்த மாதிரிகள் அவை, திரும்ப எடுக்க முடியாது. ஃப்ரீசரின் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) முடிந்து பத்து மாதம் ஆகிறதாம். புதுப்பிக்கக் காசு இல்லையாம்.

இப்போது கேள்வி. 2025-26 பட்ஜெட்டில் உயர்கல்வித் துறைக்கு 50,000 கோடிக்கு மேல், அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கு மூன்று மடங்குக்கும் மேல் என்று செய்தி வந்ததே, அந்தப் பணமெல்லாம் எந்த ஊருக்குப் போகிறது?

2 | வரிகட்டி | திங்கள், இரவு 11.20

கடுமையாகக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். உப்பளத்து பாக்டீரியாவால் வரி கட்டுகிறவனுக்கு என்ன லாபம்? ஐஐடியில் மானியத்தில் படித்துவிட்டு விமானம் ஏறுகிறவர்களுக்கும் என் பணம்தான் போகிறது. ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இல்லை. முதலில் எது?

3 | திருகாணி | திங்கள், இரவு 11.41

வரிகட்டி சார், ஐஐடி பி.டெக். கட்டணம் 2016-லேயே 90,000-லிருந்து 2 லட்சம் ஆகிவிட்டது. பழைய கணக்கை வைத்துப் பேசாதீர்கள்.

நான் தனியார் பக்கம். பம்ப், மோட்டார் செய்யும் நடுத்தர கம்பெனி. உப்பங்கழிக்கு என் அனுதாபம். ஆனால் அரசுப் பணத்தை மட்டுமே நம்பி ஆராய்ச்சி நடக்கும் நாடு இப்படித்தான் இருக்கும். இந்தியாவின் மொத்த ஆராய்ச்சிச் செலவில் தனியார் பங்கு 36 சதவீதம்தான். தென்கொரியாவில் முக்கால் பங்கு கம்பெனிகள் போடுகின்றன.

4 | அரைப்புள்ளி | செவ்வாய், காலை 7.05

பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் நான்கு எண்களைப் போட்டுவிட்டுப் போகிறேன், பிறகு சண்டை போடுங்கள்.

ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது ஜிடிபியில் 0.64 சதவீதம் (2020-21). சீனா 2.4-ஐ ஒட்டி, அமெரிக்கா 3.5-ஐ ஒட்டி, கொரியா 5-ஐ நெருங்கி. ரூபாயில் பார்த்தால் நம் செலவு 2010-11-ல் 60,197 கோடியாக இருந்தது, பத்து வருடத்தில் 1,27,381 கோடி. இரண்டு மடங்குக்கு மேல். அதே பத்து வருடத்தில் ஜிடிபியில் பங்கு குறைந்திருக்கிறது. இரண்டும் உண்மை. மேடையில் பேசுகிறவர் எந்தப் பக்கமோ அதற்குத் தக்கபடி ஒன்றை எடுத்துக்கொள்வார்.

அந்த 1,27,381 கோடியில் மத்திய அரசு 43.7 சதவீதம், தனியார் 36.4, உயர்கல்வி நிறுவனங்கள் 8.8, மாநில அரசுகள் 6.7, மீதி பொதுத்துறை நிறுவனங்கள். மத்திய அரசின் பங்கில் பெரும்பகுதி பாதுகாப்பு ஆராய்ச்சி, விண்வெளி, அணுசக்தி, வேளாண் ஆராய்ச்சி என்று தனித்தனி நிறுவனங்களுக்குப் போகிறது. அவை அவசியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் "ஆராய்ச்சி நிதி" என்றதும் உப்பங்கழியின் ஃப்ரீசரை நினைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். பல்கலைக்கழகம் இந்த வரிசையில் கடைசி பெஞ்ச்.

2013-ல் வந்த அறிவியல் கொள்கை 2 சதவீதத்தை இலக்காக வைத்தது. கல்விக்கு ஜிடிபியில் 6 சதவீதம் என்று கோத்தாரி குழு சொன்னது 1966-ல். 2020 கல்விக் கொள்கையும் அதே 6-ஐத் திரும்ப எழுதியிருக்கிறது. என் அப்பா கல்லூரியில் சேர்வதற்கு முன்பிருந்தே இந்த 6 "விரைவில்" வந்துகொண்டிருக்கிறது.

5 | வன்னிமரம் | செவ்வாய், காலை 8.30

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட பக்கமும் அதே 6 தான்! 2012-ல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் "கல்விக்கு 6 வீதம்" எண்டு கேட்டு ஏறத்தாழ நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தவை. இலங்கையில ஆராய்ச்சிக்குப் போறது மொத்தத் தேசிய உற்பத்தியில 0.1 வீதம் அளவில. உங்கட 0.64-ஐப் பார்த்து எங்களுக்குப் பொறாமை வருது. 2025 பாதீட்டில மகாபொல எண்ட மாணவர் உதவித்தொகையை 5,000-லிருந்து 7,500 ஆக்கினது ஒரு ஆறுதல்.

6 | கணக்குப்பிள்ளை | செவ்வாய், மதியம் 2.15

முப்பத்தொரு வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உப்பங்கழி, உன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன் அம்மா, கொஞ்சம் நீளும்.

பட்ஜெட்டில் ஒரே செலவுக்கு மூன்று எண் உண்டு. பிப்ரவரியில் சொல்வது மதிப்பீடு. அடுத்த பிப்ரவரியில் அதைத் திருத்திச் சொல்வது திருத்திய மதிப்பீடு. அதற்கும் அடுத்த வருடம் வெளிவருவது உண்மையில் செலவானது. தலைப்புச் செய்தி முதல் எண்ணுக்குத்தான் போடுவார்கள். மூன்றாவது எண் வரும்போது யாருக்கும் நினைவு இருக்காது.

உயர்கல்வித் துறையையே பாருங்கள். 2024-25-க்கு முதலில் சொன்னது 47,620 கோடி. திருத்தியபோது 46,482. 2025-26-க்கு 50,078. சொன்னதோடு ஒப்பிட்டால் 5 சதவீத உயர்வு, திருத்தியதோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 8. எதோடு ஒப்பிடுவது என்பதை ஒப்பிடுகிறவர் முடிவு செய்கிறார். இன்னும் ஒரு வருடம் பின்னால் போனால் கதையே மாறும்: 2023-24-ன் திருத்திய மதிப்பீடு 57,000 கோடியைத் தாண்டியது. அதை வைத்துப் பார்த்தால் இது வெட்டு.

அடுத்தது, கணக்குத் தலைப்பை, அதாவது பணம் எந்தச் செலவின் பெயரில் நிற்கிறது என்பதை, மாற்றும் வித்தை. 2024 பட்ஜெட்டில் யுஜிசிக்கு (பல்கலைக்கழக மானியக் குழு) 61 சதவீதம் வெட்டு என்று பெரிய கூச்சல் எழுந்தது. எண் சரிதான், 6,409 கோடியிலிருந்து 2,500 கோடி. ஆனால் அதே பக்கத்தில் மத்தியப் பல்கலைக்கழகங்களின் தலைப்பு 12,000-லிருந்து 15,928 கோடிக்கு ஏறியிருந்தது. கழித்துப் பாருங்கள், இங்கே இறங்கியதும் அங்கே ஏறியதும் ஏறக்குறைய ஒரே தொகை. இடது பையில் இருந்தது வலது பைக்குப் போயிருக்கிறது. கூச்சல் போட்டவர்களும் அடுத்த வரியைப் படிக்கவில்லை, பதில் சொன்னவர்களும் நிதானமாக விளக்கவில்லை.

நீ சொன்ன "மூன்று மடங்கு" இதன் மறுபக்கம். அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கு 2024-25-ல் சுமார் 8,000 கோடி. 2025-26-ல் 28,509 கோடி. அதில் 20,000 கோடி தனியார் ஆராய்ச்சிக்கான புதிய நிதி. அதை எடுத்துவிட்டால் மிச்சம் எட்டரையாயிரம். உன் லேபுக்கும் அந்த 20,000-க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சாப்பிட்டுவிட்டு வருகிறேன், மீதி அப்புறம்.

7 | திருகாணி | செவ்வாய், மதியம் 3.02

ஐயா, அந்த 20,000 கோடியைக் குறைத்துச் சொல்லாதீர்கள். கம்பெனிகள் ஆராய்ச்சி செய்வதில்லை என்று எல்லோரும் திட்டுகிறார்கள், செய்ய நிதி வைத்தாலும் திட்டுகிறார்கள்.

எங்கள் கம்பெனியில் ஆர் அண்டு டி என்றால் நான், ஒரு டிராஃப்ட்ஸ்மேன், பதினைந்து வருடப் பழசான ஒரு டெஸ்ட் பெட் (பம்பை ஓட்டிப் பார்க்கும் சோதனை மேடை). முன்பு ஆராய்ச்சிக்கு 100 ரூபாய் செலவு செய்தால் வரிக் கணக்கில் 200 என்று காட்டலாம். 2017-ல் அது 150 ஆனது, 2020-ல் வெறும் 100. அதாவது டீ வாங்கிக் கொடுத்த செலவுக்கும் ஆராய்ச்சிச் செலவுக்கும் வரித்துறைக்கு வித்தியாசம் இல்லை. அந்த வருடம் எங்கள் முதலாளி முதலில் வெட்டியது எதை என்று நான் சொல்லத் தேவையில்லை.

8 | அரைப்புள்ளி | செவ்வாய், மதியம் 3.40

> செய்ய நிதி வைத்தாலும் திட்டுகிறார்கள்

திட்டவில்லை திருகாணி, பெயரைச் சரியாகச் சொல்லுங்கள் என்கிறோம். அந்தத் திட்டத்தின் மொத்தத் தொகை 1 லட்சம் கோடி, 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அது 50 வருட வட்டியில்லாக் கடனாக அனுசந்தான் என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குப் போய், அங்கிருந்து நிதி மேலாளர்கள் வழியாகக் கம்பெனிகளுக்குக் குறைந்த வட்டிக் கடனாகவோ பங்கு முதலீடாகவோ போகும். ஓரளவு தயாராகிவிட்ட தொழில்நுட்பத்துக்குத்தான் கிடைக்கும், அடிப்படை ஆராய்ச்சிக்குக் கிடையாது. நல்ல திட்டமாகவே இருக்கட்டும். அதை "அறிவியலுக்கு மூன்று மடங்கு" என்று எழுதினால் எப்படி?

அனுசந்தானையே எடுத்துக்கொள்வோம். 2023-ல் சட்டம் கொண்டுவந்தபோது ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி என்றார்கள். அதில் அரசு தருவது 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில் துறை, நன்கொடையாளர்கள் முதலிய இடங்களிலிருந்து வர வேண்டும். வீட்டுக்கு 50 லட்சம் பட்ஜெட், என் கையில் 14 இருக்கிறது, மீதி மாமனார் தருவார் என்கிற கணக்கு. மாமனாரை இன்னும் யாரும் கேட்கவில்லை.

9 | திருகாணி | செவ்வாய், மதியம் 3.52

😄 சரி, மாமனார் தரப்பிலிருந்து சொல்கிறேன்: கையில் காசு இல்லை.

10 | கல்லூரி_மூன்றாம்மாடி | செவ்வாய், மாலை 6.48

நீங்கள் எல்லோரும் டெல்லியைப் பற்றியே பேசுகிறீர்கள். படிக்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? நாட்டின் உயர்கல்வி மாணவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள் என்று நிதி ஆயோக்கே 2025 பிப்ரவரியில் அறிக்கை போட்டது. 23 ஐஐடிகளுக்கு 11,349 கோடி. தமிழ்நாடு அரசு உயர்கல்விக்கு 2025-26-ல் ஒதுக்கியது மொத்தமே 8,494 கோடி.

நான் அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பிஎச்.டி., நெட் (தேசியத் தகுதித் தேர்வு) இரண்டும் உண்டு. மாதம் 25,000. யுஜிசி வழிகாட்டுதல் 50,000 வரை என்கிறது. பதினோரு மாதம்தான் சம்பளம், மே மாதம் நாங்கள் மனிதர்கள் கிடையாது. உப்பங்கழிக்கு வந்துகொண்டிருந்த 37,000 என்னுடையதை விட 12,000 அதிகம். கோபத்தில் சொல்லவில்லை தங்கச்சி, நிலைமையைச் சொல்கிறேன். ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பம் போடலாம் என்றால் "நிரந்தரப் பணியில் இருப்பவர் மட்டும்" என்று முதல் வரியிலேயே இருக்கிறது. நிரந்தரப் பணியிடத்தை நிரப்பாமல் வைத்திருப்பதும் பட்ஜெட்டை மிச்சம் பிடிக்கத்தானே?

11 | வரிகட்டி | செவ்வாய், மாலை 7.10

இது எனக்குத் தெரியாது. பிஎச்.டி. முடித்தவருக்கு 25,000 என்றால் என் கடைக்குப் பொருள் இறக்கும் டிரைவரை விடக் குறைவு.

12 | அரைப்புள்ளி | செவ்வாய், மாலை 7.33

மாநிலப் பல்கலைக்கழக விஷயத்தில் ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியது நினைவிருக்கும். 424 கோடி வரி பாக்கி என்றார்கள். அதன் பின்னால் இருந்த வாதம் இதுதான்: மாநில அரசு தரும் நிதி பல்கலைக்கழகத்தின் வருவாயில் பாதிக்கும் குறைந்துவிட்டது, ஆகவே இதை அரசு நிதியில் நடக்கும் நிறுவனமாகக் கருதி வரிவிலக்கு தர முடியாது. அதாவது அரசு நிதியைக் குறைத்தது முதல் அடி. குறைத்துவிட்டார்களே என்பதற்காக வரி கேட்டது இரண்டாம் அடி. 1857-ல் தொடங்கிய பல்கலைக்கழகம், அந்த மாதம் ஓய்வூதியத்துக்குத் திண்டாடியது.

கட்டடக் கதையும் உண்டு. முன்பு மானியமாக வந்தது, 2017-லிருந்து மத்திய நிறுவனங்களுக்கு ஹெஃபா என்ற கடன் நிறுவனம் வழியாக வருகிறது. வட்டியை அரசு பார்த்துக்கொள்ளும், அசலை நிறுவனம் தன் சொந்த வருமானத்திலிருந்து பத்து வருடத்தில் கட்ட வேண்டும் என்பது தொடக்க ஏற்பாடு. பின்னால் புதிய நிறுவனங்களுக்குச் சலுகை கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்துக்குச் சொந்த வருமானம் என்றால் கட்டணம். வேறென்ன இருக்கிறது, மாந்தோப்பா?

13 | ஏட்டுச்சுவடி | செவ்வாய், இரவு 9.15

ஃப்ரீசர், டெஸ்ட் பெட் என்று பேசும் சபையில் தயக்கத்தோடு நுழைகிறேன். நான் தமிழ் ஆய்வு. எங்களுக்கு ஃப்ரீசர் வேண்டாம், ஒரு ஸ்கேனரும் பஸ் காசும் போதும். அதுவும் இல்லை. ஜேஆர்எஃப் கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்கிற என் தோழிக்கு மாதம் 8,000. நெட் இல்லாதவர்களுக்கான அந்தத் தொகையைப் பத்து வருடத்துக்கு மேலாக யாரும் தொடவில்லை. 2015-ல் அதையும் நிறுத்தப் பார்த்தபோது டெல்லியில் மாணவர்கள் யுஜிசி அலுவலக வாசலிலேயே உட்கார்ந்தார்கள். நிறுத்தவில்லை, ஆனால் கூட்டவும் இல்லை.

மொழிக்கான நிதியைப் பற்றி ஒன்று. 2014-15 முதல் 2024-25 வரை சமஸ்கிருதத்துக்கு 2,532 கோடி, தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஆகிய ஐந்து செம்மொழிகளுக்கும் மொத்தமாக 147 கோடி என்று ஆர்டிஐ வழியாக 2025-ல் வெளியே வந்தது. இதையும் "ஆராய்ச்சி நிதி" கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

14 | மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 9.58

மொழி நிதி பற்றித் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது. 13-க்குப் பதிலாக வந்த ஏழு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே இழையின் கேள்விக்கு வருவோம்.

15 | கணக்குப்பிள்ளை | புதன், காலை 10.20

நேற்று விட்ட இடத்திலிருந்து.

பட்ஜெட் பக்கத்தில் எண் அச்சாவதற்கும் ஆய்வாளர் கணக்கில் பணம் விழுவதற்கும் நடுவே எத்தனை கதவு என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பிராஜெக்ட்டை எடுத்துக்கொள்வோம். மூன்று வருடம், 40 லட்சம் அனுமதி. கையில் 40 லட்சம் வராது. முதல் தவணை வரும். அது செப்டம்பரிலோ நவம்பரிலோ வரும். அதைச் செலவழித்து, மார்ச் 31-ஐ வைத்து செலவுக் கணக்கும் யூசியும் (பயன்பாட்டுச் சான்றிதழ்) 12-ஏ படிவத்தில் அனுப்ப வேண்டும். வங்கி வட்டி 312 ரூபாய் வந்திருந்தால் அதைத் தனியாக பாரத்கோஷ் என்ற மத்திய அரசின் பணம் கட்டும் தளத்தில் கட்டி ரசீது வைக்க வேண்டும். வட்டியில் பைசா தவறினால் கோப்பு திரும்பி வரும். திரும்பி வந்தால் இரண்டாம் தவணை மூன்று மாதம் தள்ளிப்போகும். பிராஜெக்ட்டில் வேலை பார்க்கும் பையனுக்கு அந்த மூன்று மாதமும் சம்பளம் கிடையாது, ஆனால் வேலை உண்டு.

நவம்பரில் வந்த பணத்தை மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும். எந்திரம் வாங்க டெண்டர், குழு, ஒப்புதல் என்று ஆறு மாதம் ஆகும். அப்புறம் என்ன நடக்கும்? மார்ச் 20-க்கு மேல் எங்கள் அலுவலகத்தில் டோனர், பீக்கர், ஏ4 கட்டு, கையுறை என்று பில் குவியும். ஒரு பேராசிரியர் ஒரே வாரத்தில் பதினெட்டு மேசை விளக்கு வாங்கினார். அவர் லேபில் மேசையே ஐந்துதான். நான்தான் அந்த பில்லைப் பாஸ் பண்ணினேன், பண்ணாவிட்டால் "செலவிடாத தொகை" என்று மேலே போய் அடுத்த வருடம் வெட்டுவார்கள். இதைத்தான் பிறகு "நிதி ஒதுக்கினாலும் இவர்களுக்குச் செலவழிக்கத் தெரியவில்லை" என்று சொல்வார்கள்.

ஆக, என் முப்பத்தொரு வருட அனுபவத்தில் ஒன்றே ஒன்றைச் சொல்வேன். எவ்வளவு என்று கேட்பதை விட எப்போது வரும் என்று கேளுங்கள். நாற்பதை உறுதியாக ஏப்ரலில் கொடுத்தால், நவம்பரில் வரும் அறுபதை விட அதில் அதிக வேலை நடக்கும்.

16 | அரைப்புள்ளி | புதன், காலை 11.02

ஐயா சொல்வதை முக்கால்வாசி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "எப்போது" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால், "சரி, நேரத்துக்குத் தருகிறோம், தொகையைக் கேட்காதே" என்று முடித்துவிடுவார்கள். 0.64 என்பது நேரப் பிரச்சினை இல்லை.

வரியையும் சேர்க்க வேண்டும். அரசு ஆய்வு நிறுவனங்கள் எந்திரம் வாங்கினால் 5 சதவீதம்தான் ஜிஎஸ்டி என்று ஒரு சலுகை இருந்தது. 2022 ஜூலையில் எடுத்துவிட்டார்கள், பெரும்பாலானவற்றுக்கு 18 ஆகிவிட்டது. 1 கோடி ஒதுக்கீட்டில் முன்பு 95 லட்சத்துக்குப் பொருள் வாங்கலாம், இப்போது 85 லட்சத்துக்கும் குறைவு. ஒரு துறை தந்ததை இன்னொரு துறை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, ஆராய்ச்சி மானியத்துக்கே ஜிஎஸ்டி கேட்டு நோட்டீஸ் போனது. 2024 செப்டம்பரில் கவுன்சில் கூடி விலக்கு கொடுத்த பிறகுதான் அது அடங்கியது.

நல்லதும் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் கொள்முதல் விதிகளைத் தளர்த்தினார்கள். அறிவியல் கருவிகளை ஜெம் என்ற அரசுக் கொள்முதல் தளத்துக்கு வெளியே வாங்க இயக்குநரும் துணைவேந்தரும் அனுமதி தரலாம். கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ஆனது. ஒரு ரூபாய் கூடுதலாக ஒதுக்காமல் செய்த நல்ல காரியம். ஐயாவின் வாதத்துக்கு இது பலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

17 | திருகாணி | புதன், மதியம் 1.15

கொரியாவை நான்தான் இழுத்தேன், நானே ஒன்று சேர்க்கிறேன். அவ்வளவு செலவு செய்யும் நாட்டிலும் 2024 பட்ஜெட்டில் அரசு ஆராய்ச்சி நிதியைச் சட்டென்று வெட்டினார்கள். அந்தப் பிப்ரவரியில் கைஸ்ட் என்ற அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் அதிபர் பேசும்போது எழுந்து குரல் கொடுத்த பட்டதாரியை வாயைப் பொத்தி வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள். உலகமே பார்த்தது. அடுத்த வருடம் நிதியைத் திரும்பக் கூட்டினார்கள். ஆனால் நடுவில் கலைந்துபோன குழுக்கள் கூடுமா? டெஸ்ட் பெட்டில் ஒரு பம்பை ஆயிரம் மணி நேரம் ஓட்டும் சோதனையை எழுநூறில் நிறுத்திவிட்டு, பிறகு எழுநூற்றொன்றிலிருந்து தொடங்க முடியாது. முதலிலிருந்துதான்.

18 | வரிகட்டி | புதன், மாலை 5.30

என் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. உப்பளத்து பாக்டீரியா எதற்கு?

19 | உப்பங்கழி | புதன், மாலை 6.12

நான் சொல்கிறேன் அண்ணா. கடலோரத்தில் வயல் உப்பாகிக்கொண்டு வருகிறது. நெல் வேர் உப்பில் கருகும். சில பாக்டீரியாக்கள் வேரோடு ஒட்டி இருந்தால் செடி கொஞ்சம் தாங்குகிறது. எவை, எவ்வளவு உப்பு வரை, எந்த மண்ணில் என்பதைத்தான் பார்க்கிறேன். உரக்கடையில் பாக்கெட்டாக வருமா என்றால் தெரியாது. பத்து வருடம் ஆகலாம், வராமலும் போகலாம். வராது என்று தெரிந்தாலும் அடுத்தவர் அந்த வழியில் போய்ப் பத்து வருடம் வீணாக்க மாட்டார். அன்று இரவு செத்துப்போன பெட்டியில் இருந்தவை அதிக உப்பைத் தாங்கியவை.

20 | வரிகட்டி | புதன், மாலை 6.25

சரி. இதை யாரும் இப்படிச் சொன்னதில்லை. என் அக்கா வீட்டு வயலும் அந்தப் பக்கம்தான், இரண்டு போகம் ஒன்றாகிவிட்டது. உங்கள் ஏஎம்சி எவ்வளவு ஆகும்?

21 | உப்பங்கழி | புதன், மாலை 6.40

ஐயோ, வசூலுக்காக எழுதவில்லை அண்ணா! தனியாரிடம் வாங்கினாலும் அதைக் கணக்கில் ஏற்ற இன்னொரு கோப்பு வேண்டும். கணக்குப்பிள்ளை ஐயா சிரிப்பார்.

22 | கணக்குப்பிள்ளை | புதன், இரவு 8.05

சிரிக்கவில்லை, நன்கொடைக்குத் தனிப் படிவம் இருக்கிறது. 😊

உப்பங்கழி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஃப்ரீசரும் ஃபெல்லோஷிப்பும் வேறு வேறு நோய். ஏஎம்சி நின்றது உண்மையான பணப் பற்றாக்குறை. எந்திரம் வாங்கப் பணம் தருவார்கள், அதை உயிரோடு வைத்திருக்கத் தர மாட்டார்கள். எந்த ஊரிலும் திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும், கம்ப்ரசர் மாற்றினதற்கு யாரும் ரிப்பன் வெட்ட மாட்டார்கள். ஃபெல்லோஷிப் கதை எனக்கு வேறு மாதிரி படுகிறது. இந்தப் பணத்துக்கு மாதாமாதம் பல்கலைக்கழகத்திலிருந்து போர்ட்டலில் உறுதி செய்ய வேண்டும். ஒருவர் பதிவேற்றுவார், அவர் மேக்கர். இன்னொருவர் சரிபார்ப்பார், அவர் செக்கர். இரண்டு பேரும் இருக்கிறார்களா என்று நாளைக்குப் போய்ப் பார். ஆறு மாதத்துக்கு முன் யாராவது ஓய்வு பெற்றார்களா என்று கேள். "பட்ஜெட்டில் பணம் இல்லை" என்று சொன்னால் நம்பாதே, தலைப்பு எண்ணைக் கேள்.

23 | உப்பங்கழி | வெள்ளி, மாலை 4.50

ஐயா! செக்கராக இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய லாகின் அவருடைய பழைய போன் நம்பரோடு இருக்கிறது. ஓடிபி அவருக்குப் போகிறது. புது அதிகாரியின் பெயரை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதியிருக்கிறார்கள், அந்தக் கடிதம் கையெழுத்துக்காக வேறொரு மேசையில் நான்கு மாதமாக இருக்கிறது. நாங்கள் பதினொரு பேர், பதினொரு பேருக்கும் இதே காரணம்தான். யாருக்கும் தெரியவில்லை, எல்லோரும் டெல்லியைத் திட்டிக்கொண்டிருந்தோம். நாளை பதினொரு பேரும் சேர்ந்து போகிறோம்.

24 | கல்லூரி_மூன்றாம்மாடி | வெள்ளி, மாலை 5.15

போகும்போது எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல் வாசலைத் தாண்டாது.

25 | உப்பங்கழி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 9.40

தகவல் சொல்லவே வந்தேன். நான்கு மாதப் பணம் வந்துவிட்டது. மீதி இரண்டு மாதமும் எஸ்ஆர்எஃப் வித்தியாசமும் "அடுத்த சுற்றில்" என்கிறார்கள். தம்பியின் கடனை அடைத்தேன். வீட்டு வாடகைப்படி மட்டும் ஒரு மாதத்துக்கும் சேர்ந்து வரவில்லை. ஃப்ரீசர் இன்னும் ஓடவில்லை, மாதிரிகள் பக்கத்துத் துறையிலேயே இருக்கின்றன. டிசம்பருக்குள் இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள்.

26 | கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 10.05

வாடகைப்படிக்குத் தனிப் படிவம் அம்மா. விடுதியில் தங்கவில்லை என்று வார்டன் கையெழுத்து வேண்டும். மூன்று நகல் எடு, ஒன்றை உன்னிடமே வைத்துக்கொள்.